பாலத்தில் இருமிய மோட்டார்

ராமநாதபுரம் ஜில்லாவில் மோட்டார் வண்டியைப் பரீட்சை செய்வதற்கு மலை கிடையாது. பரமக்குடியிலிருந்து மண்டபம் வரையில் சாலை தாம்பாளம் போல ஒரே சமமாகக் கிடக்கிறது. வழியில் கண்மாய்க் கரைகள் உண்டு, பனைகள் உண்டு, வேலிக்கருவை உண்டு. ஏற்றம் என்பது மட்டும் இல்லை. எவ்வளவு கிழட்டு எஞ்சினும் இந்தச் சமவெளியில் தன் வியாதியை மறைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். மண்டபத்தைத் தாண்டியதும் அந்தச் சலுகை முடிந்து போகிறது. 1988-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம், அடியில் கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுவில் முதுகை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்த முதுகில் ஏறும்போதுதான் எஞ்சின் தன் உண்மையான சமாசாரத்தைச் சொல்லும்.

சென்ற மாதம் என் மைத்துனருடைய வண்டி சொல்லிற்று.

மைத்துனர் ராமநாதபுரத்தில் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி, 1984-ல் அவருடைய தகப்பனார் வாங்கிய அம்பாஸடர். அந்தக் குடும்பத்தில் நடந்த கல்யாணம், பிரசவம், மரணம் அனைத்துக்கும் அதுவே வாகனம். நாலைந்து மாதங்களாக அதற்கு உடம்பு சரியில்லை. காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. எழுந்தாலும் நின்ற இடத்தில் மூச்சு ஏறி இறங்குகிறது. காலை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் புறப்படுகிறது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே இருந்தவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வால்வு எரிந்து போச்சு, எஞ்சினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டாராம். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அறுபதாயிரம் சின்னத் தொகையல்ல. ராமேசுவரத்துக்கு ஒரு தடவை போய்த் திரும்பியதும் வண்டியைக் காயலான் கடையில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"அத்தான், இதுதான் அப்பா வண்டியிலே கடைசிப் பிரயாணம்" என்று சொல்லித்தான் என்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்.

பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. மைத்துனர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வேகம் இன்னும் குறைந்தது. மூடிக்குள்ளிருந்து "டப், டப்" என்று ஒரு சத்தம். காசநோய்க்காரர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல. பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை வேடிக்கை பார்ப்பதற்காக ஓரமாக வண்டிகளை நிறுத்தியிருந்த புண்ணியவான்கள் எங்களையும் சேர்த்து வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். சோக் கம்பியைப் பாதி அளவு இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மைத்துனருக்கு நம்பிக்கையில்லை. "சூடான எஞ்சினுக்கு யாராவது சோக் போடுவார்களா?" என்றார். இழுத்தார். இருமல் சட்டென்று தணிந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு முதுகின் உச்சியை எட்டிவிட்டது. ஒரு காசு செலவில்லாத இந்தப் பரீட்சையைப் பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சோக் என்பது கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும் மூடி. நன்றாக இருக்கும் எஞ்சினுக்குச் சூடான சமயத்தில் அதைப் போட்டால் திணறும். போட்டவுடன் எஞ்சின் தெளிந்தால், அதற்கு அதுவரையில் காற்று மிகுதியாகவும் பெட்ரோல் குறைவாகவும் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எடையில் சொன்னால் இதன் விசித்திரம் விளங்காது. அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. நாம் விலை கொடுத்து வாங்குவது ஒரு பங்கு. வண்டி இலவசமாக இழுத்துக்கொள்வது ஒன்பதாயிரம் பங்கு. முழுப் பலம் வேண்டுமானால் 14.7-ஐப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றாகக் குறைத்துக் கொழுமையாகக் கொடுக்க வேண்டும். சமவெளியில் சிக்கனமாக ஓட்டுவதற்குப் பதினைந்தரை, பதினாறு வரையில் தாங்கும். அதற்கும் மேலே போகப் போக நெருப்புப் பற்றுவதே சந்தேகமாகிவிடும்.

நீர்த்த கலவை பற்றினாலும் மெதுவாக எரிகிறது. சிலிண்டருக்குள் ஒவ்வொரு காரியத்துக்கும் நேரம் உண்டு. எரிய வேண்டிய நேரத்தில் எரிந்து, வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேற வேண்டும். சோம்பல் நெருப்போ வெளிப்போக்கு வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. வால்வின் விளிம்பைத் தழுவிக்கொண்டு தழல் வெளியே போகிறது. நாளடைவில் அந்த விளிம்பு அரித்துப் போகிறது. சில சமயம் அடுத்த தடவை புதுக் கலவை உள்ளே வருவதற்காக உட்போக்கு வால்வு திறக்கும் போதும் நெருப்பு அணைந்திருப்பதில்லை. அப்போது அது வந்த வழியே கார்புரேட்டரை நோக்கிப் பாய்கிறது. பாலத்தின் மேல் நாங்கள் கேட்ட இருமல் அதுதான். ஆகவே பட்டறைக்காரர் வால்வைப் பற்றிச் சொன்னது முழுப் பொய்யல்ல. இப்படியே ஓட்டினால் ஒரு நாள் அது எரிந்தேதான் போகும். எரிந்து விட்டதா, இனிமேல்தான் எரியப் போகிறதா என்பதில்தான் அறுபதாயிரம் ரூபாய் அடங்கியிருந்தது.

நீர்த்த கலவைக்குக் காரணம் இரண்டு வகைதான். விருந்து நடக்கும் வீட்டில் ரஸம் நீர்த்துப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். அழைக்காத விருந்தாளிகள் கொல்லைப்புறமாக நுழைந்து பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது சமையலறையிலேயே பண்டம் குறைந்திருக்கலாம். எஞ்சினிலும் அப்படியே. கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு ஏதாவது ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்திருக்கலாம். அல்லது பம்பு, வடிகட்டி, ஜெட் இவற்றில் எங்கேயோ அடைப்பு ஏற்பட்டுப் பெட்ரோல் போதாமல் இருக்கலாம். இது இன்னது என்று தெரிந்துகொள்ளாமல் திருப்புளியைக் கையில் எடுப்பவர் வண்டிக்குச் சத்துரு.

தெரிந்துகொள்ளும் வழியைத் தங்கச்சிமடத்தில் ஒரு பாய் எங்களுக்குக் காட்டினார். எழுபது வயது இருக்கும். படகு எஞ்சின்களும் மோட்டார் வண்டிகளும் பேதமில்லாமல் அவருடைய கொட்டகையில் படுத்திருந்தன. மூடியைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"வாத்தியாரையா, எப்ப இருமுது? சும்மா நிக்கையிலயா, பாரம் இழுக்கையிலயா?"

"இரண்டு சமயத்திலும்தான் பாய்."

"அப்ப நோவு ரெண்டு. ஒண்ணைப் பாத்துட்டு இன்னொண்ணை விட்டுறக் கூடாது."

இந்தக் கேள்வி எவ்வளவு அருமையானது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது அது இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். அந்தச் சமயத்தில் ஊசித் துவாரம் வழியாகப் புகும் காற்றும் பெரிய பங்காகிவிடும். நாலு பேருக்குச் சமைத்த இடத்தில் இரண்டு பேர் கூட வந்தது மாதிரி. வேகமாக ஓடும்போது ஆயிரம் பேர் பந்தியில் அந்த இருவர் ஒரு பொருட்டல்ல. ஆகையால் நிற்கும்போது தடுமாறி, ஓடும்போது சரியாகிவிட்டால் காற்று ஓட்டையைத் தேட வேண்டும். நிற்கும்போது சாதுவாக இருந்து, பாரம் இழுக்கும்போது திணறினால் பெட்ரோல் வரும் வழியைத் தேட வேண்டும். எங்கள் வண்டிக்கு இரண்டு கஷ்டமும் இருந்தன.

பாய் நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்பது மாறிப்போகாமல் ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். சுகமான எஞ்சினில் பிளக்கின் மூக்கு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இவை வெளுத்திருந்தன. அதிலும் முதல் இரண்டும் கடற்கரையில் கிடந்த சங்கு போலச் சுண்ணாம்பு வெள்ளை. பின் இரண்டும் சாம்பல் வெள்ளை. அதைப் பார்த்ததும் பாய் முன்பக்கத்தைக் காட்டி, "இந்த வாசல்லதான் ஏர் எடுக்குது" என்றார். பழைய அம்பாஸடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும் உட்போக்கு வாசல் ஒன்று. பின் இரண்டுக்கும் ஒன்று. முன் ஜோடி மட்டும் அதிகமாக வெளுத்திருந்தால் அந்த ஜோடியின் வாசலில்தான் திருடன் புகுந்திருக்க வேண்டும்.

பிளக்குகள் வெளியே இருந்த சமயத்திலேயே ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவுகோல் வைத்துப் பார்த்தார். நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டின. வால்வு எரிந்திருந்தால் அந்த சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்கியிராது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமலேயே எஞ்சினை இறக்கச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பாய்க்கு அதெல்லாம் இல்லை. பிளக்குகளை மாட்டி எஞ்சினை ஓட விட்டு, ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கரைத்துத் தூரிகையால் மானிபோல்டு சேரும் இடங்களில் தடவிக்கொண்டே போனார். முன்வாசல் அருகே வந்ததும் எஞ்சினின் குரல் மாறிற்று. தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைத்ததும் தடுமாற்றம் நின்று, உறிஞ்சப்பட்டதும் மறுபடி தொடங்கிற்று. இந்தச் சோதனையைச் சில பட்டறைகளில் பெட்ரோலைத் தெளித்துச் செய்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிப்பது தற்கொலைக்குச் சமானம். உங்கள் வண்டியில் யாராவது அப்படி ஆரம்பித்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

ஓட்டைக்கு மூலம் ஒரு நட்டு. மானிபோல்டை இறுக்கிப் பிடித்திருந்த முன்புற நட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பாதியாகத் தேய்ந்து போயிருந்தது. பிடிப்புத் தளர்ந்து, காஸ்கெட்டு அந்த மூலையில் கருகியிருந்தது. டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் சின்ன ரப்பர்க் குழாயிலும் வெடிப்பு.

உப்புக் காற்று என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே கிடக்கும் இந்தக் கரை, உலோகத்தைத் தின்பதில் உலகப் பிரசித்தி பெற்றது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுவதும் வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எந்த உலோகம் எவ்வளவு நாள் தாங்கும், எந்தப் பூச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்ப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் ஒரு பரிசோதனைக் களம் வைத்திருக்கிறார்கள். உலோகத் துண்டுகளை வரிசையாகக் கட்டி வெயிலிலும் உப்பு ஈரத்திலும் காய விட்டு, எவ்வளவு எடை குறைகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். விஞ்ஞானிகள் வேண்டுமென்றே செய்யும் அந்தப் பரிசோதனையை, ராமேசுவரத்தில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வேண்டாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது வியாதி. பாய் கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சுற்றச் செய்தார். பீச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல் தயங்கித் தயங்கி வந்தது. வடிகட்டியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கஷாயச் சக்கை போல ஒரு வண்டல். கார்புரேட்டரின் பெரிய ஜெட்டின் வாயிலும் பொருக்கு கட்டியிருந்தது.

"அம்மா நாப்பது வருஷமா கழுவாத சட்டியை இப்ப யாரோ நல்லாத் தேச்சுக் கழுவுறாங்க வாத்தியாரையா. அந்த அழுக்கெல்லாம் இங்க வந்து நிக்குது" என்றார்.

கழுவுகிறவர் யார் என்பது நேயர்கள் ஊகிக்கக் கூடியதே. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால்தான். 2022 ஜூனில் தேசம் முழுவதற்கும் சராசரி 10 சதவிகிதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவிகிதக் கலப்பு 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டு, முதலில் 2030-க்கு என்று வைத்த இலக்கு 2025-லேயே நிறைவேறியது. கரும்பிலும் தானியத்திலும் இறக்கிய சாராயம் அன்னிய நாட்டு எண்ணெய்க்குப் பதிலாக எரிவதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. அது நம் குடியானவர் விளைவித்த பண்டம். ஆனால் பழைய வண்டிக்காரர்களுக்கு அதன் குணத்தைப் பச்சையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதன் குணம் மூன்று. பழைய டாங்கியில் படிந்த பிசினைக் கரைத்து வழியெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும்; பழைய ரப்பர்க் குழாய்களை ஊற வைத்து நெகிழச் செய்யும். ஈரத்தை உறிஞ்சும்; பாதி காலியான டாங்கியோடு கடற்கரையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும்; பம்பு முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு மிக முக்கியம். ஆல்கஹால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பிராண வாயுவைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆகையால் அது எரிவதற்கு 14.7 பங்கு காற்று வேண்டாம். 9 பங்கே போதும். இருபது சதவிகிதம் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய பதின்மூன்றரைப் பங்கு. கார்புரேட்டருக்கோ இந்தச் செய்தி எட்டவில்லை. அது பழைய கணக்குப்படியே காற்றையும் பெட்ரோலையும் அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. பலன், ஏழெட்டு சதவிகிதம் காற்று மிகுந்துவிடுகிறது.

இந்த ஏழெட்டு சதவிகிதம் மட்டுமே ஒரு வண்டியைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பழைய கார்புரேட்டர்களைப் பெரும்பாலும் கொழுமைப் பக்கமாகவே சரிசெய்து வைத்திருந்தார்கள். அவற்றுக்கு இந்தச் சிறு நீர்ப்பு பொருட்டில்லை. மைலேஜ் குறையும் என்பது வேறு விஷயம். ஆல்கஹால் கலவாத பெட்ரோலுக்காக அமைத்து, பத்து சதவிகிதத்துக்குச் சரிக்கட்டிய நாற்சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாம் என்று நீதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், நீர்ப்பின் மேல் நீர்ப்பு வந்து சேர்வதில்தான். ஆல்கஹால் கொடுத்த நீர்ப்பு ஒன்று. காஸ்கெட்டு ஓட்டை கொடுத்தது ஒன்று. ஜெட்டின் அடைப்பு கொடுத்தது ஒன்று. இவற்றோடு எங்கள் வண்டியில் நாலாவதாக ஒன்றும் இருந்தது.

பாய் கார்புரேட்டரின் கலவைத் திருகைத் திருப்புளியால் உள்ளே திருப்பிப் பார்த்து, அது எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணினார். பிறகு மைத்துனரை ஏறிட்டுப் பார்த்தார். மைத்துனர் கடற்கரைப் பக்கம் பார்த்தார்.

"யாரு இதைத் திருகினது?"

கடைசியில் உபாத்தியாயர் ஒப்புக்கொண்டார். 2021-ல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது, இதைக் கொஞ்சம் இறுக்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போது அரைச் சுற்று இறுக்கினார். மிச்சம் தெரியாததால் பிறகு இன்னும் கால் சுற்று. இந்த இடத்தில் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தத் திருகு எஞ்சின் சும்மா நிற்கும்போது உள்ள கலவையைத்தான் ஆள்கிறது. ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது பெரிய ஜெட்டு. வீட்டுச் செலவைக் குறைப்பதற்காகத் திண்ணை விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, உள்ளே பந்தல் விளக்குகளை எரிய விட்ட கதைதான். நாலு வருஷம் நின்ற இடத்தில் எஞ்சினைப் பட்டினி போட்டதைத் தவிர வேறொரு மிச்சமும் இல்லை.

சிகிச்சையைப் பாய் செய்த வரிசை கவனிக்கத் தக்கது. முதலில் ஓட்டை, புது காஸ்கெட்டு, புது நட்டுகள், புது ரப்பர்க் குழாய். நட்டுகளைப் போடும்போது மரைகளில் பசை தடவினார், அடுத்த தடவை உப்பு அவற்றைப் பூட்டிவிடாமல் இருக்க. அப்புறம் பெட்ரோல் வழி; டாங்கியை வடித்து, வடிகட்டியை மாற்றி, ஆல்கஹாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, ஜெட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து ஊதினார். கம்பியை மட்டும் விடவில்லை. ஜெட்டின் துவாரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அறுத்தது. 120 என்று எண் போட்டிருந்தால் 1.20 மில்லிமீட்டர். அதை 125 ஆக மாற்றினாலே துவாரத்தின் பரப்பு எட்டரை சதவிகிதம் கூடிவிடும். இருபது சதவிகித ஆல்கஹாலுக்கு ஈடு கட்ட விரும்புகிறவர்கள் இப்படி ஒரு படி பெரிய ஜெட்டு வாங்கிப் போடுவதே முறை. கம்பியை விட்டுக் குடைந்தால் எவ்வளவு கூடிற்று என்று பிரம்மாவுக்கும் தெரியாது. எங்கள் வண்டிக்குப் பெரிய ஜெட்டு தேவையா என்று நூறு மைல் ஓட்டிவிட்டுப் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதாகப் பாய் தள்ளிவைத்தார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திருகைத் தொட்டார். முதலிலேயே திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டியிருந்தால் தடுமாற்றம் குறைந்துதான் இருக்கும். ஆனால் முன் இரண்டு சிலிண்டர்களின் ஓட்டையை மறைப்பதற்காகப் பின் இரண்டும் அளவுக்கு மீறிக் குடித்துக் கரி பிடித்திருக்கும். அநேக பட்டறைகளில் நடப்பது இதுவே.

திருகைத் திருப்பும்போது அவர் எந்தக் கருவியையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதால் கேட்டார். இந்த வித்தை எங்கே கற்றது என்று விசாரித்தேன். அவருடைய வாத்தியார், இரண்டாவது மகா யுத்த காலத்தில் கரி வாயு பஸ் ஓட்டினவராம். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த அந்த நாட்களில் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் கரி வாயுச் சாதனங்களைச் செய்து விற்றார்கள். பஸ்ஸின் முதுகில் ஓர் உலையைக் கட்டிக்கொண்டு மரக்கரிப் புகையால் வண்டி ஓடிற்று. அந்த வாயுவுக்கு ஏறக்குறையச் சம அளவு காற்றே தேவை. கரி ஈரமாக இருந்தால் ஒரு விதம், நன்றாகக் கனன்றால் ஒரு விதம். டிரைவர் காற்றுக் கதவைக் கையாலேயே கூட்டிக் குறைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கங்களில் சாலையோரம் அடுக்கி வைத்திருக்கும் கருவேலங்கரி மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இனி அந்த டிரைவர்களின் காதுகள் ஞாபகம் வரும்.

புது வண்டிக்காரர்கள், "எங்களுக்குக் கார்புரேட்டரும் இல்லை, திருகும் இல்லை" என்று இறுமாந்திருக்க வேண்டாம். உங்கள் வண்டியில் புகைக்குழாயில் ஒரு பிராண வாயு உணர்வி உட்கார்ந்துகொண்டு, கலவை நீர்த்ததா கொழுத்ததா என்று கணமும் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்புகிறது. கணிப்பொறி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆல்கஹாலின் நீர்ப்பை அது தானே சரிக்கட்டிக்கொள்ளும். கூட்ட வேண்டிய அளவு எல்லை மீறினால்தான் முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். சோதனைக் கருவியை மாட்டினால் பி-0171 என்ற எண் வரும். அப்போதும் பாயின் கேள்வியே கேள்வி. நிற்கும்போது அதிகம் கூட்டி, வேகத்தில் குறைக்கிறதா? காற்று ஓட்டை. பாரத்தில் அதிகம் கூட்டுகிறதா? பம்பும் வடிகட்டியும்.

இந்தக் கடற்கரைக்கென்று விசேஷமான ஒரு மூன்றாவது வழியும் உண்டு. உணர்விக்கு முன்னால் புகைக்குழாயின் இணைப்பு துருப்பிடித்து ஓட்டையானால், புகையின் துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே புகுந்து உணர்வியின் மூக்கில் அடிக்கும். கலவை சரியாகவே இருக்கும். உணர்வியோ நீர்த்துவிட்டதாகப் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பிக் கணிப்பொறி பெட்ரோலை வாரி இறைக்கும். உணர்வியை மாற்று, பம்பை மாற்று என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் குனிந்து புகைக்குழாயைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருவர் சைலென்ஸர் வாயைத் துணியால் கணநேரம் மறைத்துப் பிடித்தால், ஓட்டையுள்ள இடம் சீறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

தனுஷ்கோடிக்குப் போய் வருகிறவர்கள் காற்று வடிகட்டியில் மணல் அடைத்து எஞ்சின் நீர்த்துவிட்டது என்று சொல்வதுண்டு. அது தலைகீழ்ப் பாடம். காற்று அடைபட்டால் கலவை பெரும்பாலும் கொழுக்குமே தவிர நீர்க்காது. கறுப்புப் புகை வரும். மணலைத் தட்டிவிட வேண்டியது அவசியந்தான். ஆனால் இருமலுக்கு அது மருந்தல்ல.

பாய் வாங்கிக்கொண்டது சாமான்களும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். ராமேசுவரத்தில் தரிசனம் முடித்துத் திரும்பும்போது பாலத்தின் முதுகில் வண்டி நாலாவது கியரிலேயே ஏறிற்று. மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. உச்சிக்கு வந்ததும் வலது கையால் முகப்பை ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல. காயலான் கடைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் கவனித்தோம்: கலவைத் திருகின் தலையிலிருந்து கார்புரேட்டரின் உடம்பு வரையில் பாய் சிவப்பு எனாமலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வைத்திருந்தார். இனி யார் அதைக் கால் சுற்றுத் திருப்பினாலும் கோடு முறிந்து காட்டிவிடும். மைத்துனர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பாய் என்னை இன்னும் நம்பவில்லை, அத்தான்" என்றார்.